ஒரு சாண் நாலு விரல்

ரொக்காவெர்னா மலையில் நிலம் நடுங்கிய அந்தச் செப்டம்பர் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு, தோர்தீனிகளின் பண்ணை வீடு தரையிலிருந்து ஒரு சாண் நாலு விரல் மேலே எழும்பி அங்கேயே நின்றுகொண்டது. நடுக்கம் இருபத்தொன்பது விநாடிதான் நீடித்தது. அதற்குள் மலையுச்சி ஊரில் எண்ணூறு வருட மணிக்கூண்டு சரிந்து நகரசபையின் கூரைமேல் விழுந்தது. மூன்று கோட்டை வாசல்களில் ஒன்று கற்களால் அடைந்துபோனது. தூய வெனான்சியோ கோயிலின் சுவரில் தீட்டியிருந்த தேவதூதர்களில் நால்வர் சுண்ணாம்போடு உதிர்ந்தார்கள். ஊர் ஜனம் உயிரோடு இருந்ததற்குக் காரணம் செவ்வாய்ச் சந்தை. எல்லோரும் கோட்டைக்கு வெளியே பன்றிக்குட்டிக்கும் வெங்காயத்துக்கும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், நடக்க முடியாத கிழவர்களைக்கூட வெயிலுக்காக நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். ஊருக்குக் கீழே இரண்டு கிலோமீட்டர் சரிவில், ஒலிவத் தோப்புகளைத் தாண்டி இருந்த தோர்தீனி வீட்டிலோ அலமாரியில் ஒரு கோப்பைகூட இடம் மாறவில்லை.

எர்சீலியா தோர்தீனிக்கு அப்போது அறுபத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். அப்பா விட்டுப்போன வீட்டில் ஒன்பது அறைகளை ஒழுங்குபடுத்தி, மலையூரின் கோட்டையையும் ஓவியங்களையும் பார்க்க வருகிறவர்களுக்கு முப்பது வருடமாகத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து வந்தாள். பன்றி, ஆடு, ஒலிவ மரங்கள் எல்லாம் அவள் தம்பி நாஸ்ஸரேனோவின் பொறுப்பு. அவனை ஊரே நேனோ என்று கூப்பிட்டது. நடுக்கத்தின்போது எர்சீலியா சமையலறையில் பாஸ்தாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்கூடத்தில் ஹாலந்திலிருந்து வந்த இரண்டு சகோதரிகள் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் எதுவும் தெரியவில்லை. வெளியே பன்றிக்கொட்டிலின் வேலியைப் பிடித்துக்கொண்டு விழாமல் தப்பிய நேனோதான் கத்தினான்.

"எர்சீ, வெளியே வா! வீட்டுக்கு அடியில வெயில் தெரியுது!"

"காலங்காத்தாலயே குடிச்சியா?"

"குடிச்சிருந்தா நான்ல மிதப்பேன், வீடு எதுக்கு மிதக்குது?"

அவனைத் திட்டுவதற்காக வாசல் தாண்டிக் கால் வைத்தவள், ஒரு சாண் நாலு விரல் கூடுதலாக இறங்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். அந்த நடுக்கத்தில் தோர்தீனி வீட்டுக்கு ஏற்பட்ட சேதம் அவ்வளவுதான். ஹாலந்துக்காரிகள் மறுநாள் கிளம்பும்போது, எல்லாம் நன்றாக இருந்தது, வாசற்படிதான் கொஞ்சம் உயரம் என்று விருந்தினர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். நேனோ கழிவுக் குழாய்க்கு ஒரு துண்டு ஒட்டுப்போட்டான். கிணற்றுக் குழாய் ரப்பர், தானே நீண்டு கொடுத்தது. சுவரில் ஏறியிருந்த திராட்சைக் கொடி வேரைத் தரையில் விட்டுவிட்டு மீதியோடு மேலே போயிருந்தது, அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கோழிகள் மூன்று நாள் தயங்கிவிட்டு வீட்டுக்கு அடியில் நிழலுக்குப் போய் உட்கார ஆரம்பித்தன. பங்குச் சாமியார் பொம்பீலியோ வந்து ஒரு துடைப்பத்தை வடக்கே நுழைத்துத் தெற்கே எடுத்தார். நடுவில் தடை எதுவும் இல்லை என்று உறுதியானதும் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினார்.

இதைப்பற்றி நின்று பேச ஊருக்கு நேரமில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேர் கால்பந்து மைதானத்தில் கூடாரங்களில் இருந்தார்கள். அக்டோபரில் மழை பிடித்தது. மலையில் அக்டோபர் மழை என்றால் எலும்பு வரைக்கும் வரும். இருமல் இல்லாத கிழவர் இல்லை. எர்சீலியா தினமும் பெரிய பாத்திரத்தில் பருப்பு சூப் காய்ச்சி நேனோவின் டிராக்டரில் அனுப்பினாள். பிறகு ஒருநாள் தானே ஏறிப்போய் மேயர் லொரெதானாவைப் பிடித்தாள். "என்கிட்ட ஒன்பது ரூம் காலியா கெடக்கு, வைக்கோல் பரணும் இருக்கு. முடியாதவங்களை அனுப்பிவிடு" என்றாள். லொரெதானா மூன்று வாரமாகக் காலணியைக் கழற்றாதவள். "எனக்கு மட்டும் ஆசையில்லையா எர்சீலியா? கட்டடச் சான்றிதழ் இல்லாம ஒரு ஆளை உள்ள விட்டா, அப்புறம் என்னை உள்ள போட்டுருவாங்க" என்றாள்.

சான்றிதழ் கொடுக்க ஏற்கனவே இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். முதலாமவர் குனிந்து பார்த்தார், தண்ணீர் கேட்டார், எர்சீலியா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று படிவத்தில் எழுதிக்கொண்டு போனார். இரண்டாமவர் நேர்மையானவர். அஸ்திவாரத்துக்குப் படிவத்தில் மூன்றே கட்டம் இருப்பதாகவும், நன்று, விரிசல், உடைவு ஆகிய மூன்றில் எதிலும் இதை அடைக்க முடியாது என்றும் சொல்லி, மேலிடத்தில் கேட்டு வருவதாகக் கிளம்பினார். திரும்பவில்லை. மாத முடிவுக்குள் கையெழுத்து விழாவிட்டால் வாசலில் சிவப்பு நாடா கட்டிவிடுவார்கள், வசந்தத்தில் இடிக்கும் இயந்திரம் வரும். மலையில் மற்ற எல்லோருடைய வீடும் விழுந்துபோனதால் போகிறது. நின்றுகொண்டிருப்பதாலேயே தன் வீடு போகப்போகிறதே என்று எர்சீலியா நினைத்துக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை. சொன்னால் நேனோ ஏதாவது கேலி பேசுவான், அது நன்றாகவும் இருக்கும், அழுகை வந்துவிடும்.

மூன்றாவதாக வந்தவர் ஓரெஸ்தே விசிந்தின். வடகிழக்கு எல்லைப் பக்கத்துக்காரர், ஐம்பத்துநான்கு வயது. சாம்பல் நிறக் காரின் பின்சீட்டில் தலையணையும் கம்பளியும் இருந்தன, கண்ணாடியில் சவரத் தூரிகை தொங்கியது. அறை தயாராக இருப்பதாக எர்சீலியா சொன்னபோது, காரிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். தன் வாசலுக்குள் வந்த ஒருவன் வெளியே படுப்பது முப்பது வருடத்தில் இதுதான் முதல்முறை. அவளுக்கு ரோஷம் வந்தது. சூப் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"என்ன இன்ஜினியர், என் வீட்டைப் பார்த்தா பயமா இருக்கா?"

"உங்க வீட்டை மட்டும் இல்லைங்க. கூரை இருக்கிற எதைப் பார்த்தாலும்தான்."

ஒன்பது வருடமாக அவர் காரில்தான் தூங்குகிறார் என்பதை அன்றே தெரிந்துகொண்டாள். ஏன் என்று சொல்லவில்லை. பகலெல்லாம் அளந்தார். விளக்கை எடுத்துக்கொண்டு கோழிகளோடு கோழியாக வீட்டுக்கு அடியில் ஊர்ந்தார், சுவர்களைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார், நான்கு மூலையிலும் கயிறு பிடித்தார். நாலு மூலையும் ஒரே சாண், ஒரே நாலு விரல். சாப்பாட்டை மட்டும் வாசலுக்கு வெளியே நின்றபடி, தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிட்டார். நாலாவது நாள் மழை வலுத்துச் சூப்பில் தண்ணீர் விழுந்ததால், வேறு வழியில்லாமல் உள்ளே வந்து மேசையின் ஓரத்தில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தொத்திறைச்சியும் பருப்பும் பாதி தீர்ந்திருந்தபோது பின்னதிர்ச்சி ஒன்று வந்தது. சன்னல் வழியே பார்த்தார்கள். கருவாலி மரம் நாய் உடம்பை உதறுவதுபோல உதறியது. காரின் தூரிகை ஆடியது. பன்றிகள் ஓலமிட்டன. ஓரெஸ்தே எழுந்து ஓடப்போனவர், தன் எதிரே இருந்த ஒயின் குவளையைப் பார்த்து நின்றுவிட்டார். அதன் மேற்பரப்பில் ஒரு சுருக்கமும் இல்லை. உட்கார்ந்தார். கைகளை மேசையில் வைத்தார், கைகளின்மேல் தலையை வைத்தார், தூங்கிப்போனார்.

நாற்பத்துநான்கு மணி நேரம் தூங்கினார். நேனோ அவரைத் தோளில் போட்டுக்கொண்டுபோய் அடுப்புக்கு மேலே இருந்த வெதுவெதுப்பான அறையில் கிடத்தினான். குறட்டை மெதுவாகத் தொடங்கி, முதல் நாள் பிற்பகலில் உச்சத்துக்குப் போனது. பன்றிகள் பதில் குரல் கொடுத்தன. கால்பந்து மைதானத்தில் இருந்தவர்கள், கேட்டிருந்த ஜெனரேட்டர் கடைசியில் வந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். "ஒன்பது வருஷத் தூக்கம் எர்சீ, சும்மா வருமா? கொஞ்சம் விட்டா எழும்பின வீட்டைக் கீழ எறக்கிருவாரு" என்றான் நேனோ.

மூன்றாம் நாள் காலை எழுந்து, குளித்து, சவரம் செய்து, பத்து வயது குறைந்தவராகச் சமையலறைக்கு வந்து படிவத்தைப் பிரித்தார். பெயர், தேதி, இடம் எழுதினார். கையெழுத்து இடத்துக்கு வந்ததும் கை நின்றது. காபி ஆறியது. இன்னொரு காபி வைத்தாள், அதுவும் ஆறியது. எர்சீலியா கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வீட்டுல ஏதாவது குறையா?"

"ஒண்ணும் இல்லைங்க. இவ்வளவு சரியான வீட்டை நான் பார்த்ததே இல்லை. குறை என் கையிலதான்." அப்புறம் மெதுவாகச் சொன்னார். "ஒன்பது வருஷம் முன்னாடி, வடக்குல, போங்கிற ஆத்தோட சமவெளியில ஒரு ஊரு. ஜெர்வாஸியோ பொந்தியோலின்னு ஒரு தையல்காரர், அவர் சம்சாரம் ஈனெஸ். அதிர்ச்சிக்கு அப்புறம் அவங்க வீட்டைப் பார்த்துட்டு, குடியிருக்கலாம்னு கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஒரு கேக் துண்டு கொடுத்து அனுப்பினாங்க. ஆறாம் நாள் ரெண்டாவது அதிர்ச்சி. வீடு அப்படியே உட்கார்ந்திருச்சு."

"அவங்க?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நான் கேட்கலைங்க. கேட்டா சொல்லிடுவாங்களே."

எர்சீலியாவுக்கு முதலில் இரக்கம்தான் வந்தது, ஆனால் அது அவளிடம் நிற்கவில்லை, கோபமாகத் திரும்பிவிட்டது. "ரெண்டு பேரைக் காருக்குள்ளயே புதைச்சு வெச்சுக்கிட்டு ஒன்பது வருஷமா ஊர் ஊராச் சுத்துறீங்க, செத்தாங்களான்னுகூடக் கேட்காம! நீங்க படிச்சவர்தானே?" என்றவள், சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்தாள். அந்த ஊர் நகரசபையைப் பிடித்தாள். ஒரு குமாஸ்தா காத்திருக்கச் சொன்னான், இன்னொருத்தி எண் கொடுத்தாள். அந்த எண்ணைச் சுழற்றும்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் யாராவது, அவங்க அப்பவே போயிட்டாங்களே என்று சொன்னால், இந்த மனிதர் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு காரில் ஏறிவிடுவார். இந்த வீடும் போகும். கூடாரத்தில் இருமிக்கொண்டிருப்பவர்களின் கூரையும் போகும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு. ஏழு.

"யாரு? சத்தமாப் பேசுங்க, குக்கர் விசிலடிக்குது."

"பொந்தியோலி வீடுங்களா?"

"ஆமா, ஈனெஸ்தான் பேசறேன். நீங்க யாரு?"

உங்கள் வீட்டுக்குச் சான்றிதழ் கொடுத்த இன்ஜினியர் விசிந்தின் தன் சமையலறையில் இருக்கிறார் என்று எர்சீலியா எப்படியோ சொல்லி முடித்தாள். ஈனெஸ் தொலைபேசியை விட்டு விலகிப் போட்ட கூச்சல் அறை முழுக்கக் கேட்டது. "ஜெர்வாஸியோ! அந்த இன்ஜினியர் ஆப்புட்டுட்டான்! ஓடி வாங்க, மாத்திரை அப்புறம் போட்டுக்கலாம்!"

எர்சீலியா தொலைபேசியை ஓரெஸ்தேயின் கையில் திணித்தாள்.

எண்பத்தேழு வயதுத் தையல்காரர் நாற்பது நிமிடம் திட்டினார். இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தபோது வீடு இறங்கியிருக்கிறது. அடுப்புக்கு மேலே ஓர் உத்தரம் குறுக்கே மாட்டிக்கொண்டதால் அதற்குக் கீழே ஒன்பது மணி நேரம் கிடந்திருக்கிறார்கள். அவருக்கு இடுப்பெலும்பு, அவளுக்கு நாலு பல், பூனைக்கு ஒன்றுமில்லை. தையல் இயந்திரம் நசுங்கியது. ஒரு மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டு கடைசிப் பொத்தானோடு போனது. இதையெல்லாம் அவர் வரிசையாகச் சொன்னார். ஆனால் அவருடைய பெரிய குறை வேறு. "நாற்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். மேயர் வந்தான். பிஷப் வந்தாரு. பதினஞ்சு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத என் மச்சான்கூடத் திராட்சை வாங்கிட்டு வந்தான். நீ வரலை! உன்னை நேர்ல திட்டணும்னு ஒவ்வொரு நாளும் கதவைப் பார்த்துட்டிருந்தேன் தெரியுமா? கேக் தின்னேல்ல? வரத் தெரியாது?"

ஓரெஸ்தே சுவரோடு சாய்ந்து நின்று, "ஆமாங்க", "என் தப்புதாங்க", "மன்னிச்சிருங்க" என்று மாறி மாறிச் சொன்னார். கண்ணீர் தாடையிலிருந்து சட்டைக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு ஆனந்தமாக ஒரு மனிதன் வசவு வாங்கியதை மலையில் யாரும் பார்த்ததில்லை. கடைசியில் கிழவருக்கு மூச்சு வாங்கியது.

"சரி, மணி ஒண்ணாச்சு. சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

"போய்ச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை கூப்பிடு. இன்னும் பாக்கி இருக்கு."

எர்சீலியா அதற்குள் பின்கட்டுக்குப் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பாஸ்தாவுக்கு உலை வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஓரெஸ்தே அஸ்திவாரத்துக்கான மூன்று கட்டங்களையும் அடித்துவிட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதினார்: கட்டடத்துக்கு நிலத்தோடு தொடர்பில்லை, ஆகவே நில அதிர்வால் பாதிப்பில்லை, குடியிருக்கலாம். பேனாவைக் கீழே வைக்காமல், "இதுவும் தப்பாப் போகலாங்க" என்றார். "போச்சுன்னா நீங்களும் உள்ளதான் இருப்பீங்க, என்ன?" என்றாள் எர்சீலியா. அவர் யோசித்தார். "இருப்பேன்" என்று கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே லொரெதானா முத்திரை குத்தினாள், மறுநாள் டிராக்டர் பதினோரு நடை அடித்தது.

அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். கிழவர்கள், நோயாளிகள், கைக்குழந்தைக்காரிகள், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. எல்லோரும் ஏறிய பிறகும் வீடு ஒரு விரல்கூட இறங்கவில்லை. குளியலறை வரிசைக்காகச் சண்டை நடந்தது, சீட்டாட்டத்தில் இரண்டு குடும்பங்கள் முகம் திருப்பிக்கொண்டன, கர்ப்பிணிக்கு நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது, இருமல் ஒவ்வொன்றாக நின்றது. மைதானத்தில் இருந்த மற்றவர்களுக்கு டிசம்பரில் சந்தைத் திடலில் மரவீடுகள் வந்தன. ஓரெஸ்தே காரில் இருந்த தலையணையை எடுத்துவந்து அடுப்பறை மேல்மாடியில் போட்டுக்கொண்டார்.

ஜனவரி பதினாலாம் தேதி, மதியம் பன்னிரண்டே முக்காலுக்குப் பெரிய அதிர்ச்சி வந்தது. செப்டம்பரில் வந்ததைவிட இருமடங்கு. நீளமான மேசையின்மேல் சூடான சோளக்களியைக் கொட்டிப் பரப்பிவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே மலை, உதறிக் காயப்போடும் துணிபோல நெளிந்தது. ஒலிவ மரங்கள் வரிசை மாறின. உச்சியில் கோட்டையின் இரண்டாவது வாசல் புழுதியாக எழுந்தது. காலியான கூடாரங்கள் இருந்த மைதானம் நடுவில் பிளந்தது. வீட்டுக்குள் களியின் மேல் தெளித்த குழம்பு ஓரத்துக்கு ஓடவில்லை. ஓரெஸ்தே எழுந்து போய் இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் வைத்துக்கொண்டு, வெளியே எல்லாம் அடங்கும்வரை நாற்பத்திரண்டு விநாடி நின்றார். அவர் முதுகையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைகளை எடுத்தார். திரும்பினார். அப்புறம் ஒரு கிழவி, சீஸை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்றாள், அந்தக் கணத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அந்த மூச்சில் சன்னல் கண்ணாடிகள் மங்கிப்போயின. நேனோ தலைகளை இரண்டு முறை எண்ணினான், இரண்டு முறையும் ஒன்று கூடுதலாக வந்தது. களி வாசனைக்கு வந்திருந்த பொம்பீலியோ சாமியார், கையில் கரண்டியோடு, தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மலையில் மற்ற இடங்களிலும் ஆள் சேதமில்லை, மரவீடுகள் வெறுமனே கிரீச்சிட்டன என்று பிற்பகலில் செய்தி வந்தது. எர்சீலியா அப்போதுதான் மீதிக் களியைச் சாப்பிட்டாள்.

ஊரைத் திரும்பக் கட்டப் பதினோரு வருடம் ஆனது. ஒவ்வொரு குடும்பமாக மலையேறிப் போனார்கள், போகும்போது அழுதார்கள், குளியலறை வரிசையைப்பற்றிக் குறை சொன்னார்கள். அறைகளுக்கு மறுபடியும் வெளியூர் விருந்தினர்கள் வந்தார்கள். தூக்கம் வராதவர்கள் அதிகம் வந்தார்கள், அவர்களை எர்சீலியா ஒன்றும் கேட்பதில்லை. ஜெர்வாஸியோ ஞாயிறுதோறும் திட்டினார், தொண்ணூற்றிரண்டு வயதுவரை திட்டினார். கடைசி இரண்டு வருடம் அது பெரும்பாலும் வானிலை பற்றியதாக இருந்தது. ஓரெஸ்தே எந்த ஊர் வீட்டைச் சோதிக்கப் போனாலும், கையெழுத்துப் போட்ட பத்தாம் நாள் திரும்பப் போய்க் கதவைத் தட்டி நலம் விசாரித்துவிட்டுத்தான் பண்ணைக்கு வந்தார். அவருக்கும் எர்சீலியாவுக்கும் என்ன உறவு என்று ஊர் ஒரு வருடம் பேசியது. நேனோவிடம் கேட்டவர்களுக்கு, "அவரு இங்க தங்கியிருக்காரு" என்று பதில் கிடைத்தது. அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

பதினாலாவது வருடம் மார்ச் மாதம், எந்த அதிர்ச்சியும் இல்லாத ஒரு வியாழக்கிழமை, பக்கத்துப் பண்ணைக்காரன் குவெர்ரீனோவின் மாட்டுத்தொழுவம் தரையிலிருந்து மூன்று விரல் எழும்பியது. குவெர்ரீனோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்று, மாடு மிரளுமா என்று கேட்டான். "முதல் நாள் மிரளும்" என்றாள் எர்சீலியா, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. "பால் குறையுமா?" "எங்களுக்கு முட்டை குறையலை." அவன் தலையாட்டினான். மேகத்தைப் பார்த்து, மழை வரும்போலிருக்கிறது என்றான். அவளும் பார்த்துவிட்டு ஆமாம் என்றாள். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு பால் கறக்கப் போனான்.